கரைக்கு இழுத்துக் கடலுக்கு அனுப்பினோம்

எழுபதுகளின் நடுவில், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே உப்புவெளிக் கடற்கரையில் நடந்தது இது. நான் அப்போது உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடசாலையில் இயற்கைக் கழகம் என்று ஒன்று இருந்தது. அங்கத்தவர்கள் நாலே நாலு பெண்கள். சனிக்கிழமைகளில் கரையோரமாக நடந்து, அறுந்து கிடக்கும் நைலோன் வலைத்துண்டுகளைப் பொறுக்குவோம், ஆமைகள் சிக்கிச் சாகாமல் இருக்க. "வலை பொறுக்கிற பிள்ளையள்" என்றுதான் அங்குள்ள கரைவலைக்காரர் எங்களைச் சொல்வார்கள். தோணியில் போய் வலையைச் சுற்றிப் போட்டுவிட்டு, கரையில் இருபது பேர் நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பது அவர்கள் தொழில்.

அன்றைக்கு வலை போடவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நின்றார்கள். முழங்காலளவு தண்ணீரில், பன்னிரண்டு அடி நீளத்தில், கறுப்பாக ஒரு திமிங்கிலம் தரைதட்டிக் கிடந்தது. தலைக்கு மேலிருந்த துளையால் அது மூச்சு விடும்போது பழைய பஸ் ஒன்று நிற்கிற சத்தம் கேட்டது. விடியவே தள்ளிப் பார்த்தார்களாம், அசையவில்லை. தோணியில் கட்டித் துடுப்புப் போட்டு இழுத்தார்களாம், தோணிதான் பின்னுக்கு வந்தது. இனி எப்படியும் சாகும், கொழுப்பை உருக்கினால் தோணிக்குப் பூச எண்ணெயாவது மிஞ்சும் என்று ஒருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் சாக்குகளை நனைத்து, மூச்சுத் துளையை மறைக்காமல் அதன் முதுகில் போட்டோம். ஆனால் வெயில் ஏறினால் சாக்கு போதாது. இருபது ஆட்களும் தடித்த கயிறும் இருக்க, ஒரே ஒரு குறைதான்: அவர்கள் நின்று இழுக்கக் கடலில் இடமில்லை. முந்தின கிழமைதான் பௌதிக வகுப்பில் கப்பியைப் பற்றிப் படித்திருந்தோம். ஆழத்தில் நங்கூரம் போட்டு, அதில் ஒரு கப்பியைக் கட்டி, திமிங்கிலத்தில் கட்டிய கயிற்றை அதன் வழியாகத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தால் என்ன?

"நீங்கள் வழமைபோலக் கரைப்பக்கம் இழுங்கோ. அது கடல்பக்கம் போகும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "பாவம், வெயில் பிள்ளையின்ர தலையில பட்டிட்டுது" என்றார் கத்திக்காரர். நான் விடாமல் ஈர மணலில் படம் கீறிக் காட்டினேன். வலைக்குச் சொந்தக்காரரான முதலாளி குனிந்து பார்த்தார்.

"ஒரு இழுவை தாறன் தங்கச்சி. ஒண்டே ஒண்டு. அதுக்குப் பிறகு நான் வலை போடோணும்."

கூட்டாளி ஒருத்தி ஓடிப்போய் பக்கத்து வீட்டுக் கிணற்றுக் கப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கார அக்காவும் பின்னாலேயே வந்தார். "கவனமடி பிள்ளையள், மத்தியானம் உலை வைக்க நான் அதிலதான் தண்ணி அள்ளோணும்."

மணலைத் தோண்டித் தலையைக் கடல்பக்கம் திருப்பி, வயிற்றுக்குக் கீழே வலையை மடித்துக் கொடுத்துக் கயிற்றைப் பிணைத்தோம். நங்கூரமும் கப்பியும் தோணியில் போயின. கரையில் இருபது பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். கயிறு விறைத்தது. பிறகு மெல்ல நகர்ந்தது. நான் துள்ளிக் கைதட்டினேன்.

நகர்ந்தது நங்கூரம். மணலை உழுதுகொண்டு நேரே எங்களிடம் வந்து சேர்ந்தது.

"எங்கட நங்கூரத்தைப் பத்திரமாக் கரை சேர்த்துத் தந்திட்டீங்கள். நல்ல படிப்பு" என்றார் ஒருவர். கரை முழுக்கச் சிரிப்பு. என் முகம் எரிந்தது. முதலாளி வலைப்பக்கம் திரும்பினார்.

அப்போது கத்திக்காரர் எழும்பினார். "முதலாளி, நீங்கள் இழுவை தாறன் எண்டது திமிங்கிலத்துக்கு. இப்ப வந்தது நங்கூரம். இது கணக்கில வராது." பிறகு என்னைப் பார்த்து, "எங்கட வலையைக் கிழிக்கிற சனியன் கல்லொண்டு அங்கால ஆழத்தில கிடக்குது. கப்பியை அதில கட்டினா, அதுவும் இழுபட்டு வருமோ?" என்றார்.

"இல்லை, கல்லெண்டா வராது" என்றேன்.

மூதூரிலிருந்து சங்கு குளிக்க வந்திருந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அதற்குள் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். "கட்டுறதும் நான், வெட்டி விடுறதும் நான். நீங்க இழுத்தாக் காணும்." கப்பியோடு தோணியில் போய் அவர் மூழ்கினார். நேரம் போனது. தலை வெளியே வந்ததும் கையை அசைத்தார்.

இந்த முறை முதலாளியே கயிற்றைப் பிடித்தார். வீட்டுக்கார அக்கா பிடித்தார், நாங்கள் நாலு பேரும் பிடித்தோம். வலைக்காரர் தங்கள் இழுவைப் பாட்டை எடுத்தார்கள். நாங்கள் மணலில் குதிகாலை ஊன்றி ஊருக்குள் போகப் போக, எங்களுக்கு எதிரே அந்தக் கறுப்பு உடம்பு ஒரு முழம், பிறகு இரு கை விரித்த அளவாக ஒரு பாகம் என்று கடலுக்குள் போனது. பாட்டு நடுவில் உடைந்து சிரிப்பாயிற்று. கயிற்றை விட்டுவிடாதீங்கோ என்று முதலாளி கத்த வேண்டியிருந்தது.

கழுத்தளவு தண்ணீர் வந்ததும் நானா கயிற்றை வெட்டி வலையை உருவினார். திமிங்கிலம் அப்படியே கிடந்தது. செத்துவிட்டதோ என்று கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர்க்கரைக்கு ஓடினேன். பிறகு ஒரு மூச்சு, ஆள் உயரத்துக்குத் தண்ணீர் சீறியது. வால் ஒருமுறை புரண்டது. அடுத்த மூச்சை வெகு தூரத்தில்தான் கண்டோம்.

"இவ்வளவு இழுத்தும் வலையில ஒண்டும் இல்லாமச் சந்தோசப்பட்டது இண்டைக்குத்தான்" என்றார் முதலாளி. உப்பும் மணலுமாக நின்ற எனக்கு அன்றைக்கு உலகத்தையே இழுத்துப்போடலாம் போலிருந்தது.

அதுவரை உயிர்களைக் காப்பாற்ற மனிதரைத் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவர்கள் கைக்குப் பழகிய பக்கமே இழுக்கவிட்டு, கயிறு போகிற வழியை மட்டும் மாற்றினால் போதும் என்பதை, எந்த வேலையைத் தொடங்கும்போதும் இன்றைக்கும் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.