பாலத்தின் மேல் சிவப்புக் கோடு

என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காரை விட்டு இறங்கி யாரையாவது அடிக்கப் போகும் முன், கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மடியில் போடுவார். கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட கடிகாரம். அதன் கண்ணாடி உடைந்துவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை. எதிரே நிற்பவனின் பல்லைப் பற்றி அந்த அக்கறை கிடையாது.

நான் முதலில் பார்த்தது மாம்பழச்சாலை சிக்னலில். சாயங்கால நெரிசல். ஓர் இளைஞனின் பைக் எங்கள் காரின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டது. "சாரி சார், பாக்கல" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கடிகாரம் என் மடியில் விழுந்தது. இறங்கினார். பைக்கில் தொங்கிய அவனுடைய ஹெல்மெட்டையே பிடுங்கி அவன் முகத்தில் அடித்தார். ஒரு தடவை இல்லை. நான் ஜன்னல் வழியாக, "விடுங்க, விட்டுத் தொலைங்க, செத்துடப் போறான்" என்று கத்தினேன். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அந்த இளைஞன் தார் ரோட்டில் உட்கார்ந்து, மூக்கிலிருந்து கொட்டிய ரத்தத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தான். சட்டையில் படாமல் பார்த்துக்கொள்கிறான் என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. புதுச் சட்டை போலிருக்கிறது.

திரும்பி வந்து என் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, "பச்சை விழுந்துருச்சு" என்று சொல்லிக் காரை எடுத்தார். அன்றைக்கு இரவு தோசை நன்றாக இருக்கிறது என்றார். எட்டாவது படிக்கும் எங்கள் மகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார். முகம் குளித்துவிட்டு வந்தவர் முகம் போலத் தெளிவாக இருந்தது.

வீட்டில் அவர் தங்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். வையம்பட்டியில் இருக்கும் என் மாமியார் போனில் வாரம் ஒருமுறையாவது சொல்வார்: "ரோட்டுலதாம்மா அவனுக்குக் கோவம். வீட்டுல ஒன்ன ஒரு அடி அடிச்சிருப்பானா, சொல்லு?" அடித்ததில்லைதான். அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டும் என்பது போலப் பேசுவார்.

அவருடைய டைல்ஸ் கடை தில்லை நகரில். வீடு ஸ்ரீரங்கத்தில். நடுவில் காவிரி. சாயங்காலமானால் ஊரே அந்த ஒரு பாலத்தில் ஏறும். நெரிசல்தான் அவரைக் கெடுக்கிறது என்பது எங்கள் குடும்பத்தின் ஏகமனதான தீர்ப்பு. நான் கணக்கு டீச்சர். நெரிசலைக் கழித்துவிட்டால் அடிதடியும் கழிந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

துபாயில் இருக்கும் என் கொழுந்தன் காருக்கு ஒரு வழிகாட்டிப் பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளங்கை அளவுத் திரை. அதோடு ஒரு தடித்த ஒயர். அந்த ஒயருக்குள்தான் ரிசீவர் இருக்கிறதாம். எந்த ரோட்டில் வண்டிகள் நிற்கின்றன என்பதைக் காற்றில் பிடித்து உடனுக்குடன் சொல்லிவிடுமாம். அந்த ஊரில் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பாலத்தின் நடுவில் நாங்கள் அசையாமல் நிற்கும்போது, வழி சீராக இருக்கிறது என்று திரையில் காட்டியது. இயந்திரமே தன்னைக் கேலி செய்கிறது என்று அவருக்குக் கோபம் ஏறிவிட்டது. அன்றைக்கு அகப்பட்டது ஒரு ஷேர் ஆட்டோக்காரர். ஐம்பது வயதாவது இருக்கும். கன்னத்தில் விழுந்த அறையில் அவர் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். கடிகாரம் என் மடியில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரைப் பாலக்கரையில் ஒரு கார் சாமான் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரரிடம் நான் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இவர் அந்தத் துபாய்ப் பெட்டியைக் கவுன்ட்டர் மேல் ஓங்கி வைத்தார். கவுன்ட்டர் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. கடைக்காரர் விரிசலைப் பார்த்தார், இவர் கையைப் பார்த்தார், பிறகு என் பக்கமே திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

"அந்த ஊர்ல இதுக்குன்னே ரேடியோவுல அனுப்புறாங்கம்மா. நம்ம ஊர்ல அனுப்ப ஆள் இல்ல. இங்க நெட்டுலதான் வரணும். ரோட்டுல போறவங்க பாக்கெட்ல போன் இருக்குல்ல, அது எல்லாம் நின்னுச்சுன்னா ரோடு செவப்பு. ஓடுச்சுன்னா பச்சை. அவ்வளவுதாங்க விஷயம்."

"அப்ப போனை ஸ்டாண்டுல மாட்டிக்கிட்டாப் போதாதா?" என்றேன்.

"போதும்மா. ஆனா கால் வந்தா மேப் மறையும். சாருக்கு..." என்று இழுத்தார். சாருக்கு அது ஆகாது என்பது அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "டேஷ்போர்டுலயே பெரிய ஸ்கிரீன் போட்டுக்கங்க. அதுக்குன்னு தனி சிம். கார் எங்க நிக்குதுன்னு உங்க போன்லயும் தெரியும்."

இவர் கைகட்டி நின்று, "எனக்கு ரோடு தெரியாதா? பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்லதான இருக்கேன்" என்றார். பழைய பெட்டி, போன், பெரிய திரை மூன்றையும் நான்தான் எடைபோட்டேன், நான்தான் பெரிய திரையைத் தேர்ந்தெடுத்தேன். சிம்மும் என் பெயரில்தான் வாங்கினேன்.

அது வேலை செய்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திரைக்குள் இருந்த பெண் குரல், பாலம் சிவப்பாக இருந்தால் சஞ்சீவி நகர் பக்கம் பைபாஸில் போகச் சொல்லும். இவர் மறுபேச்சில்லாமல் போவார். "மெதுவா போங்க, அந்தப் பக்கம் திரும்புங்க" என்று கல்யாணமான நாள் முதல் நான் தொண்டை கிழியச் சொன்னதை ஒருநாளும் கேட்காத மனிதர், முகம் தெரியாத ஒருத்திக்கு இப்படி அடங்கினார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பரவாயில்லை, அந்தச் சக்களத்திக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்தேன். யாரும் அடி வாங்கவில்லை. சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்தார்.

அப்படிச் சீக்கிரம் வந்த ஒரு சாயங்காலம், பாத்ரூம் குழாய் ஒழுகுவதற்குப் பிளம்பரைக் கூப்பிட்டாயா என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். ஊருக்கெல்லாம் குழாயும் டைல்ஸும் விற்கிறவர் வீட்டில் குழாய் ஒழுகுகிறதே என்று சிரிக்கவும் செய்தேன். கடிகாரத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார்.

எனக்குப் புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். எத்தனை தடவை அதை மடியில் வாங்கியிருக்கிறேன், ஆனால் மேஜை மேல் பார்த்தபோது புரியவில்லை. முதல் அடி இடது காதில் விழுந்தது. நான் வாங்கிக்கொண்டு நிற்கிற ரகம் இல்லை. கையில் இருந்த டம்ளரை வீசினேன், அவர் புருவம் கிழிந்தது. அதற்கு என் தலைமுடியைப் பிடித்து ஃபிரிட்ஜில் மோதினார். கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த மகளின் டைம் டேபிள் கீழே விழுந்தது. மகள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சாப்பாடு போடு என்றார். முகம் தெளிவாக இருந்தது. அதே முகம்.

மறுநாள் மாமியாருக்குப் போன் செய்து, "அத்தை, ஒங்க தங்கம் என்னைய அடிச்சிருச்சு" என்றேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். பெருமூச்சு விட்டார்.

"முன்னாடியெல்லாம் வெளியிலயே விட்டுட்டு வந்துருவான்மா. நீதான அந்த மிசினை வாங்கி மாட்டி வழிய அடச்ச."

போனைச் சுவரில் அடித்திருப்பேன். அடிக்காததற்குக் காரணம், கிழவி சொன்னது சரி என்று எனக்குத் தோன்றியதுதான். கோபம் நெரிசலிலிருந்து வரவில்லை. அவர் கோபத்தைக் காலையிலேயே கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார், இறக்கிவைக்க இடம் தேடித்தான் பாலத்தில் ஏறியிருக்கிறார். நான் அந்த இடத்தை அடைத்துவிட்டேனாம். ஆக, நான் வாங்கிய அடிக்கும் நானே பொறுப்பு. எப்படி ஒரு நியாயம் பாருங்கள்.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டியதுதானே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பது சுலபம். மகளுக்கு அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கன்னத்து வீக்கத்துக்கு நான் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்தேன். பயமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் நான் போனில் அந்த மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சமைத்தேன். காரின் புள்ளி தில்லை நகரிலிருந்து நகரும். வழியெல்லாம் பச்சையாக இருந்தால் கத்தி, டம்ளர் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைப்பேன். புள்ளி எங்காவது சிவப்பில் மாட்டி நின்றால் மூச்சு வரும். நின்றால் இறங்குவார். இறங்கினால் வீட்டுக்குத் தெளிந்த முகத்தோடு வருவார். யாரோ ஒருவன் மூக்கு உடைந்தால் என் மூக்கு தப்பும். நெரிசல் வேண்டாம் என்று கடை தேடிப் போனவள், அடுப்படியில் நின்று சிவப்பு வர வேண்டும் என்று ரங்கநாதரை வேண்டினேன். அதைவிட வெட்கம் கெட்ட வேண்டுதலை அந்தக் கோயில் கேட்டிருக்காது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாளன்று நான் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. போன் மகளிடம் இருந்தது. அவள் திரையைப் பார்த்துவிட்டு, பாதிச் சப்பாத்தியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, பாலத்துல செவப்பு. அப்பா வாட்ச கழட்டியாச்சு. இன்னைக்கு நமக்கு ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டுக் குருமாவை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. அதே முகம். அவர் அடித்த எந்த அடியும் என் மேல் அப்படி விழுந்ததில்லை.

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். காரின் புள்ளி நட்டநடுப் பாலத்தில் நின்றது. புள்ளிக்கு முன்னால் ஸ்ரீரங்கம் வரை பாலம் பச்சை. பின்னால் மட்டும் சிவப்பு, அக்கரையில் சிந்தாமணி வரை நீண்டுகொண்டே போனது. எந்த நெரிசலும் அவரை நிறுத்தவில்லை. அவர் நிறுத்தியிருக்கிறார். ஊருக்கே அவர்தான் நெரிசல்.

அடுப்பை அணைத்துவிட்டு நூறுக்குப் போன் செய்தேன். காவிரிப் பாலத்துக்கு நடுவில் ஓர் ஆள் காரைக் குறுக்கே போட்டுவிட்டு யாரையோ அடித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். கார் நம்பரைச் சொன்னேன்.

"நீங்க அங்க இருக்கீங்களாம்மா?"

"இல்ல சார், வீட்டுல இருக்கேன்."

"அடிக்கிறது யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். என் வீட்டுக்காரர். என்னையும் அடிப்பாரு. எழுதிக்கங்க."

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ஸ்கூல் பேக எடுத்துக்க. பெரியம்மா வீட்டுக்குப் போறோம்" என்றேன். என் அக்கா வீடு திருவெள்ளறையில், கொள்ளிடம் தாண்டிப் போக வேண்டும். மாவுக் கையோடேயே ஸ்கூட்டரை எடுத்தேன். பாலத்தை விட்டு அவர் இறங்கிவிட்டால், அவர் வரும் வழியும் நாங்கள் போகும் வழியும் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றுதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். திருவானைக்காவல் பக்கம் திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்து அவர் வரும் ரோட்டையே பார்த்தேன். பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்த மகள், ஒரு கையால் என் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னும் செவப்புதாம்மா. நீ போ" என்றாள்.