அத்தை திறக்கப் போன கதவு

வருடத்துக்கு ஒரு முறை என் அத்தை தலையில் தண்ணீர்க் குடத்தோடு எங்கள் வீட்டுப் பின்கதவு வழியாக நுழைவாள். யாரையும் பார்க்க மாட்டாள், யாரோடும் பேச மாட்டாள். சமையலறையையும் கூடத்தையும் கடந்து முன்கதவு வழியாக வெளியே போய்விடுவாள். பின்னாலேயே பம்பைக்காரரும் வேப்பிலை பிடித்த பெண்களும் சேற்றுக் காலோடு வருவார்கள். அவர்கள் போன பிறகு அம்மா முணுமுணுத்துக்கொண்டே தரையைத் துடைப்பாள்.

பங்காருபாளையத்தை அடுத்து, மாந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் ஊர். மேலே ஒரு பெரிய ஏரி, கீழே ஒரு சின்ன ஏரி. கங்கம்மா ஜாத்திரை அன்று மேலேரியில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு கீழேரியில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். இடையில் குடத்தை இறக்கக் கூடாது, வழி மாறக் கூடாது. முள் மண்டிக் கிடந்த ஒரு பள்ளத்தின் வழியாகத்தான் அந்த நடை. அதற்குக் கங்கம்மா தடம் என்று பெயர். அதில் யாரும் வீடு கட்டுவதில்லை, கட்டில் போட்டுப் படுப்பதுகூட இல்லை. ஏன் என்று கேட்டால் சாமி நடக்கிற வழி என்பார்கள். கேள்வி அதோடு முடிந்துவிடும்.

நான் பிறப்பதற்கு முன்பே மேலேரி வறண்டுவிட்டது. எங்களுக்கு அது விளையாட்டு மைதானம். மாமா டிராக்டர் ஓட்டப் பழகியதும் அதில்தான். மொள்ளத் தண்ணீர் இல்லாததால் குடத்தை ஏரிக்கரை போர் குழாயில் பிடித்துக்கொண்டார்கள். வழக்கத்தை மட்டும் விடக் கூடாது என்பதில் எல்லாருக்கும் பிடிவாதம்.

அந்தப் பள்ளத்தை நிரவி மனை போட்டபோது முதல் மனையை நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்குப் பிடித்துக் கொடுத்தவர் மாமாதான், அம்மாவின் தம்பி. சொந்த வீடு என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை மட்டும் முகம் சுளித்தாள். அவள் நைனாவின் அக்கா. கணவர் போன பிறகு எங்களோடு இருந்தாள். குடம் எடுப்பது எங்கள் குடும்பத்து முறை, அப்போது அது அவளுடையது.

"கங்கம்மா தடத்துல குந்திக்கினு எப்படிடா சோறு துன்றது?" என்று நைனாவைக் கேட்டாள்.

"இன்னாக்கா நீ, கங்கம்மா இனிமே தார் ரோட்ல போவட்டும். முள்ளு குத்தாம சுகமா போவும்" என்றார் மாமா.

எல்லாரும் சிரித்தோம். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். வீட்டுக்கு நேருக்கு நேராக இரண்டு கதவு வைப்பது, ஜாத்திரை அன்று இரண்டையும் திறந்துவிடுவது. அத்தை அரை மனதாக ஒப்புக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சரித்திரப் பாடம் உண்டு. எந்த ராஜா எந்த ராஜாவை எங்கே ஜெயித்தான் என்று நெட்டுருப் போட்டோம். எங்கள் ஏரியை யார் வெட்டினார்கள், ஏன் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வெட்டினார்கள் என்பது அதில் இல்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. நடந்து முடிந்ததைப் படித்து என்ன ஆகப்போகிறது, இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்பது மாமாவின் கட்சி.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் எதிர்பார்க்காமல் மேலேரி நிரம்பியது. ஊரே கரைக்குப் போய் வேடிக்கை பார்த்தது. ஒரு மத்தியானம் ஏரி நிறைந்து வழிகிறது என்று ஆள் ஓடிவந்து சொன்னான். நைனா எங்களை எல்லாம் தார் ரோட்டு மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தின் தலைமாட்டில் செம்மண் நிறத்தில் தண்ணீர் தெரிந்தது. வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, அத்தை நடக்கிற வழியிலேயே அது வந்துகொண்டிருந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தையின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத சந்தோஷம்.

"கதவ சாத்திட்டு வந்தியா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"ஆமா அண்ணி. தண்ணி உள்ள வந்துடாதா?"

"கங்கம்மா அவளே வரா. கதவ சாத்திக்கினு இருக்கலாமா?"

சொல்லிக்கொண்டே இறங்கி ஓடினாள். நைனா கத்திக்கொண்டு பின்னால் ஓடினார். மாமா அவரைக் கட்டிப்பிடித்துச் சேற்றில் சாய்த்தார். அத்தை முன்கதவைத் திறந்து உள்ளே போனதைப் பார்த்தோம். அவள் பின்கதவைத் திறந்துவிட்டாள் என்பது, தண்ணீர் முன்கதவு வழியாக வெளியே பாய்ந்தபோதுதான் தெரிந்தது. அவளைக் கீழேரியில் கண்டெடுத்தார்கள்.

கங்கம்மா கூட்டிக்கினு போய்ட்டா என்று ஊர் சொன்னது. நைனா மட்டும் அதைச் சொல்லவில்லை.

வீடு இருந்த இடத்தில் இப்போது அத்தைக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. பள்ளத்தை மறுபடி நிரவி, கோயில் பக்கத்து மனை என்று பலகை வைத்து விற்கிறார்கள். போன மாதம் திருப்பதியிலிருந்து போயிருந்தபோது அதைப் பார்த்தேன். தடத்தை நாங்கள் மறக்கவில்லை, அது எதற்கு என்பதை மறந்துவிட்டோம். ஒரு ஊருக்கே இந்தக் கதி என்றால், இந்த நாடு எதையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே மறந்திருக்கும், அதன் மேல் இன்னும் என்னென்ன கட்டப்போகிறது என்று நினைக்கப் பயமாக இருக்கிறது.

அத்தை போன அடுத்த ஜாத்திரையில் குடம் என் தலைக்கு வந்தது. இடிந்த பின்வாசலில் நுழைந்து, கூரையில்லாத கூடத்தைக் கடந்து நடந்தேன். பெண்கள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தண்ணீருக்கு வழிவிடுங்கள் என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்டுப் போனதைத்தான் தலையில் சுமந்துகொண்டு போகிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. குடம் தளும்பக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.