தலையாட்டிக் கிடைத்த வேலை

போன சனிக்கிழமை ஒரு கார் வாங்கினேன். முழு விலைக்கு! பாரிஸில் நம் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

வினை மகளிடமிருந்து தொடங்கியது. மதுராவுக்குப் பதினேழு வயது. கோடை விடுமுறைக்கு வேலை தேடினாள். எனக்குத் தெரியாத கடைக்காரர்களா? ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

"பிலிப்-து-ஜிரார் தெருவிலை புடவைக்கடை அண்ணையைக் கேக்கட்டே, பிள்ளை?"

"பிஸ்தோன் வேண்டாம், பப்பா!"

பிஸ்தோன் என்றால் பிரெஞ்சில் சிபாரிசு. காருக்குள் இருக்கும் பிஸ்டனுக்கும் அதே சொல்தான். அது இல்லாமல் வண்டி ஓடாது என்பது பிரெஞ்சுக்காரனுக்கே தெரிந்திருக்கிறது... என் மகளுக்குத் தெரியவில்லை.

தானாகவே பக்கத்து நகரமான சென் தெனிக்குப் போனாள். ஒரு கார் ஷோரூமில் கேட்டாள். வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். ஆனால் ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று முதலாளி சொல்லிவிட்டார். பாவம், அந்த வாரம் முழுக்க வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

வாரத்தின் கடைசி நாள் சனிக்கிழமை. எங்கள் பழைய கார் எப்போதோ இழுக்கத் தொடங்கியிருந்தது. புதியதை அங்கேயே வாங்கினால் என்ன?

"அவளின்ரை வேலையைக் கெடுத்துப்போட்டு வராதேங்கோ" என்றாள் மனைவி.

மகள் பிரெஞ்சில் நிபந்தனை போட்டாள். தன்னைத் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது.

திறக்கவில்லை. விற்பனையாளர் ஒரு சாம்பல் நிறக் காரைக் காட்டி விலை சொன்னார். நியாயமான விலை. 'சரி' என்று தலையை ஆட்டினேன் - நம் வழக்கப்படி, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக.

அவர் முகம் வாடியது. விலையைக் குறைத்தார்!

இது என்ன புதினம்? மறுபடியும் 'சரி' என்று ஆட்டினேன். இன்னும் குறைத்தார். அப்போதுதான் விளங்கியது... என் 'ஓம்' அவருக்கு 'இல்லை'யாகத் தெரிகிறது. விளங்கிய பிறகும் ஆட்டினேன். வாய் திறக்கக் கூடாது என்பதுதானே உத்தரவு?

விற்பனையாளருக்கு வியர்த்தது. முதலாளி மதுராவை அழைத்தார். அவளும் எங்கள் முகம்தானே! இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

அருகில் வந்தாள். "மிசியே..." என்றாள். பெற்ற தகப்பனை 'ஐயா' என்று!

"பேசாமல் நில்லு பிள்ளை, விலை இறங்குது" என்று முணுமுணுத்தேன்.

என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தெளிவான பிரெஞ்சில் சொன்னாள்: "இவர் முதலாவது விலைக்கே ஆமென்று சொல்லிவிட்டார்."

முதலாளி அப்படியே உட்கார்ந்துவிட்டார். தமிழர் நிறைந்த செவ்ரானிலிருந்து வந்து கார் வாங்கிப்போன அத்தனை தமிழ்த் தலைகளும் அவர் கண்முன் ஆடியிருக்க வேண்டும்.

"அப்படியென்றால், இத்தனை வருடமும் அவர்கள் எல்லோரும்..?"

"ஆமாம்" என்றாள் என் மகள்.

எனக்கு முதலாவது விலை. அவளுக்கு ஓகஸ்ட் கடைசி வரை வேலை. கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கையோடு அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும், கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்றிரவு அவள் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் விடுவேனா?

"அப்ப, அப்பான்ரை தலைதானே உனக்குப் பிஸ்தோன்?"

மதுரா தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள்.

ஓமா, இல்லையா? மொழிபெயர்க்க ஆளில்லை.