பத்து வயதுப் பழைய மாதாகோவில்

ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. எதிர் மேட்டில் தங்கச் சுரங்கத் துரைமார்களின் மாதாகோவிலுக்குச் சாரம் கட்டி வேலை நடக்கிறது. அருகே போய்ப் பார்க்கிறேன். வெளிச்சுவரில் புதிதாகப் பதித்த கருங்கல்லின் நேரான விளிம்பைக் கொத்தனார் ஒருவர் உளியால் மூளியாக்கிக்கொண்டிருக்கிறார்.

"ரிப்பேர் செய்கிறீர்களா, கெடுக்கிறீர்களா?"

"பழசாக்குறேன் சாமி. கீழ சொரங்கத்துல வெடி வெச்சி வெச்சி செவுரு விரிசல் விட்டுப்போச்சி. கல்ல மாத்தினோம். புதுக்கல்லு கண்ண உறுத்துதாம். அவுங்க ஊரு கோயிலு நானூறு வருசத்துதாம். இதுவும் அப்பிடியே தெரியணும்னு துரைசாணி சொல்லிட்டாங்க."

அந்த நானூறு வருடத்தை இரண்டு வாரத்தில் முடித்துத் தர வேண்டுமாம். கீழே அவர் மனைவி, பாசி பிடிப்பதற்காகச் சாணியும் மோரும் கரைத்துக் கற்களின் மேல் தெளிக்கிறாள். பாசி முளைத்துவிட்டதா என்று துரைசாணி தினமும் குடை பிடித்து வந்து பார்க்கிறாராம்.

"கோவிலுக்கு உண்மையில் என்ன வயது?"

"பத்து. எங்க லைன் வூட்டையும் அதே வருசந்தான் கட்னாங்க."

அப்போது காலடியில் தரை ஒருமுறை அதிர்கிறது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது. கொத்தனார் கோவிலைப் பார்க்கவில்லை. பள்ளத்தில் வரிசையாக நிற்கும் தொழிலாளர் லைன் வீடுகளைப் பார்க்கிறார்.

"எங்க செவுரும் விட்டுப்போச்சி சாமி, கையே நுழையுது. புள்ள அந்தச் செவுத்தாண்டதான் படுக்குது. கம்பெனி ஆபீஸ்ல போய் ரிப்பேர் கேட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

அவர் அடுத்த கல்லில் உளியை வைக்கிறார்.

"பத்து வருசந்தானே ஆவுது, புது வூட்டுக்கு இன்னாடா ரிப்பேருன்னுட்டாங்க."