மின்மினிக்கு ஒரு எழுத்து

என் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "எழுத்து கெத்தா இருக்கோணுமுங்க." கெத்து என்றால் என்ன என்று கேட்டால் போனை எடுத்து ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர்ப்பலகையைக் காட்டுவார்கள். நான் திருப்பூர் மண்ணரையில் பனியன் லேபிளுக்கும் அட்டைப்பெட்டிக்கும் டிசைன் போட்டுக் கொடுக்கிறவன். பெயர் அர்த்தநாரி. இந்த ஊரில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கத் துணிந்தவர்கள் ஏராளம். சொந்தமாக ஒரு எழுத்து வைக்கத் துணிந்தவர்கள் யார் என்று கேட்டால் எனக்கு விஜயராணி ஒருத்தர் ஞாபகம்தான் சட்டென்று வரும்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவர். கணவர் ஜெபக்குமார் கட்டிங் மாஸ்டர். விஜயராணி சிங்கர் மெஷினில் தைக்கிற டெய்லர். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பனியனின் பின்கழுத்தில் லேபிள் வைத்துத் தைப்பதுதான் பதினைந்து வருஷத்துக்குக் குறையாமல் அவர் பார்த்த வேலை. எல்லாம் ஒரே ஐரோப்பியக் கம்பெனியின் லேபிள். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. அவருக்கும் அந்தப் பெயரை வாயில் நுழைத்துச் சொல்லத் தெரியாது. "பச்ச லேபிளு" என்றுதான் சொல்வார்.

அந்த வேலையை விட்டுவிட்டு வாடகை வீட்டு மாடியில் நாலு மெஷின் போட்டுக் குழந்தைகள் பனியன் தைக்கத் தொடங்கினார். மின்மினி என்று பெயரும் வைத்தார். காதர்பேட்டையில் மொத்தக்கடை வைத்திருக்கும் நூருல்லா பாய், தீபாவளி வியாபாரத்துக்குத் தன் கடையில் ஒரு ரேக் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். சரக்கு நகர்ந்தால் அந்த இடம் நிலைக்கும். நகராவிட்டால் மறுபடியும் கம்பெனிக்குப் போய் அடுத்தவன் பெயரைத்தான் தைக்க வேண்டும். "அந்த மெஷின்ல திரும்ப உக்கார மாட்டேன் அண்ணாச்சி. எது வந்தாலும் மாட்டேன்" என்று என் கடையில் வைத்துச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

அன்று எழுத்துப் பார்க்கத்தான் வந்திருந்தார். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றார். மின்மினியை ஆங்கிலத்தில் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சின்ன எழுத்தில் போட்டால் கம்பி வேலி மாதிரி வரிசையாகக் குச்சிகள் நிற்கும். வளைந்தது, சாய்ந்தது, குழந்தை கிறுக்கியது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் ஒன்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நிறுத்துங்க, இதுதான். பாத்ததும் மனசுல ஒட்டிக்கிட்டு" என்றார்.

ஒட்டாமல் என்ன செய்யும்? அது அந்தப் பச்சை லேபிளின் எழுத்து. எனக்கு அது தெரியும். அதைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அது குற்றமும் இல்லை, அதிசயமும் இல்லை. லேபிள் நெய்து வந்தது. மாடியில் மளமளவென்று தைத்து முடித்து, முதல் பண்டலைக் காதர்பேட்டைக்கு எடுத்துப் போனார்.

நூருல்லா பாய் பிரித்துப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார். "அக்கா, கில்லாடிங்க நீங்க! அச்சு அசல் அப்படியே இருக்குதுங்க. அந்தப் பச்சைக் கலரையும் போட்டீங்கன்னா சரக்கு பறந்துரும்."

விஜயராணிக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் பக்கத்து ரேக்கிலிருந்து எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியன் ஒன்றை உருவி, கழுத்தோடு கழுத்து வைத்துக் காட்டினார். பெயர் வேறு. சாய்வு, வால், புள்ளி எல்லாம் ஒன்றே.

அங்கிருந்து நேராக என்னிடம் சண்டைக்கு வந்தார். "ஒங்களுக்கு இது தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியுமுங்க. நீங்களே கேட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்."

"நான் எங்க கேட்டேன்? அழகா இருக்குன்னுல்லா சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே பிடிபட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தார். பதினைந்து வருஷம் ஊசிக்கு அடியில் பார்த்துப் பார்த்து, அழகு என்றால் இதுதான் என்று மனசு எப்போதோ முடிவு செய்திருக்கிறது. அவரைக் கேட்காமலே. அவமானத்தில் அவர் முகம் சிவந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"எல்லாத்தையும் பிரிச்சிருதேன்" என்று எழுந்தார்.

ஜெபக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னல் துணியில் தையலைப் பிரித்தால் ஊசி ஓட்டை தெரியும், சில இடத்தில் கிழிந்தே போகும். தீபாவளியோ கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. நூருல்லா பாயும் போனில் மன்றாடினார். "ஊரோடு ஒத்து வாழோணுமுங்க அக்கா. அது மாதிரி இருக்கறதாலதான் சரக்கு போகும்."

"அவன் எழுத்த வச்சு விக்கதுக்கு நான் அவன் வேலையிலேயே இருந்திருப்பேன்லா பாய்" என்று போனை வைத்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று ஜெபக்குமார் என்னிடம் வந்து மனைவியைத் திட்டித் தீர்த்தார். பிறகு அவரே போய்ப் பிரிக்க உட்கார்ந்தார். கூட உட்கார்ந்தவர் மாரக்காள். பல்லடத்துக்காரம்மா, பழைய கம்பெனியில் பக்கத்து மெஷின், இப்போது மின்மினியில் லேபிள் தைக்கிறவர். சில உருப்படிகள் கிழிந்து, பழுதுச் சரக்காகச் செகண்ட்ஸுக்குப் போயின. மற்றவற்றின் ஓட்டையை மறைக்கப் புது லேபிளைக் கொஞ்சம் அகலமாகப் போடுவது என்று முடிவானது.

ஆனால் புது லேபிளில் எந்த எழுத்து? அங்கேதான் என் பொறுமை போனது. எதைக் காட்டினாலும், "எனக்குப் பிடிச்சிருக்கு. அப்பம் இதுவும் எங்கயோ பாத்துப் பழகினதாத்தான் இருக்கும், வேண்டாம்" என்றார்.

"பிடிக்காததும் வேண்டாம், பிடிச்சதும் வேண்டாம்னா என்னைய என்னதானுங்க பண்ணச் சொல்றீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, "தமிழ்ல காட்டுங்க. நான் தமிழ் லேபிளு ஒண்ணுகூடத் தச்சதில்ல" என்றார்.

அது எனக்குத் தோன்றியிருக்காது. தமிழ் எழுத்தை லேபிள் தறியில் போட்டால் இன்னொரு தொல்லை, சுழிகளில் நூல் அடைத்துக்கொள்ளும். சுழிகளைப் பெரிதாக்கி, கோடுகளைத் தடிமனாக்கி நாலைந்து விதமாக வரைந்து கொடுத்தேன். அவர் அவற்றை லேபிள் அளவிலேயே காகிதத்தில் அச்செடுத்து, பனியன் கழுத்தில் குத்தி, மாடிக் கொடியில் தொங்கவிட்டார். கடையில் கவுண்டருக்கும் ரேக்குக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளி நின்று பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் அங்கிருந்து கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிந்தது. இருந்ததிலேயே குண்டான எழுத்து. அழகு என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "கேரளாக்காரன், ஆந்திராக்காரன் எப்படீங்க படிப்பான்?"

"பச்ச லேபிள நம்ம ஊர்ல எத்தன பேரு படிச்சிட்டா வாங்குதாவ? நான் அம்புட்டு வருசம் தச்சேன், எனக்கே படிக்கத் தெரியாது" என்றார் விஜயராணி.

பாய் சொன்ன ரேக்கில் அடித்தட்டில்தான் இடம் கிடைத்தது. தீபாவளிக்குச் சரக்கு பறக்கவில்லை, நடந்தது. ஆனால் வாங்கிப்போன சில்லறைக் கடைக்காரர்கள் பொங்கலுக்குத் திரும்பி வந்து, "அந்தக் குண்டு எழுத்துப் பனியன் இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். கேரளாக்காரரும் கேட்டார். பாய் தானாகவே மின்மினியை மேல்தட்டுக்கு ஏற்றினார். விஜயராணி பழைய மெஷினுக்குத் திரும்பவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

போன ஆடியில் மாரக்காள் என் கடைக்கு வந்தார். மகள் ஜோதிகாவோடு சேர்ந்து சொந்தமாக நைட்டி தைத்து விற்கப் போகிறாராம், லேபிள் வேண்டுமாம். தமிழிலேயே காட்டச் சொன்னார். இருந்த எழுத்தையெல்லாம் திரையில் ஓட்டினேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். "இதுதானுங்க! இதுதான் லட்சணமா இருக்குது."

மின்மினியின் எழுத்து. அந்த அம்மா முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, விஜயராணிக்குப் போன் போட்டேன். வந்து திரையைப் பார்த்தார்.  தான் பெற்ற பிள்ளையை அடுத்தவர் இடுப்பில் பார்த்ததுபோல இருந்தது அவர் முகம்.

மாரக்காளுக்கு விஷயம் உறைத்ததும் முதலில் திரையை விட்டு விலகி நின்றார். அப்புறம் ரோஷம் வந்துவிட்டது. "அத்தன லேபிளும் நாந்தான அம்மிணி வெச்சுத் தெச்சேன்? எனக்கு அதுல ஒரு பாத்தியத இல்லியா?"

"கூலி வாங்கிட்டேல்லா எக்கா? பச்ச லேபிளுல என் கண்ணு கெடந்த மாதிரி, இப்பம் என் எழுத்துல ஒங் கண்ணு கெடக்கு. அதையும் திருப்பி வாங்கிட்டுப் போ" என்றார் விஜயராணி.

மாரக்காள் அழுதுவிட்டார். விஜயராணி அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்தத காட்டுங்க அண்ணாச்சி. அக்காவுக்குன்னு ஒண்ணு கிடைக்காம நாங்க ரெண்டு பேரும் எந்திரிக்க மாட்டோம்."