பாடகி நிற்கும் இடம்

அம்மா முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். ஹெட்செட் எப்போதும் வலது காதில். ஒரு 'ஹலோ' போதும். பேசுகிறவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். விடுதியிலிருந்து போன் செய்யும்போது நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. சொல்லிப் பயனில்லை.

ஓய்வு பெற்றதும் பின்னறையைக் காலி செய்தாள். தன் நெஞ்சுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கினாள். அந்த அறையில் வேறொன்றும் கிடையாது, நடுவே ஒரே ஒரு நாற்காலி.

"இத்தனை நாளு ஊருக்கு வேலை செஞ்ச காது. இனிமே இது எனக்கு" என்றாள்.

ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். நிறுத்தி வைக்க மாமா வந்தார். அம்மாவின் தம்பி, தச்சர். சுவரை ஒட்டி வைத்தால் சத்தம் குமுறும், பின்சுவரிலிருந்து எண்பது சென்டிமீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மாமா தன் அளவு டேப்பால் அளந்து தரையில் பென்சிலால் குறி போட்டார். முதலில் ஜன்னல் பக்கம், பிறகு கதவுப் பக்கம். நானும் அவரும் மூச்சு வாங்க நகர்த்தி, இரண்டின் முகத்தையும் நாற்காலியை நோக்கிக் கொஞ்சம் திருப்பினோம்.

அம்மா உட்கார்ந்தாள். பாட்டைப் போட்டேன். ஒரு பெண்குரல். சரியாக வைத்திருந்தால் அது இரண்டு பெட்டிக்கும் நடுவே, வெறும் சுவரிலிருந்து வரவேண்டும்.

"இவ நடுவுல நிக்கல. இடது பக்கம், ஜன்னலோரமா ஒதுங்கி நிக்கிறா."

"யாரு அக்கா?"

"பாடுறவதான், வேற யாரு?"

மாமா உட்கார்ந்து பார்த்தார். "எனக்கு நடுவுலதான் கேக்குது."

"நீ ரம்பத்தோட குடும்பம் நடத்துனவன். உனக்கு எங்க கேட்டா என்ன?"

"ரம்பம் ரெண்டு காதுலயும் சமமாத்தான் கத்துச்சு. நீதான் ஊர்ப்பேச்சு மொத்தத்தையும் ஒத்தைக் காதுல வாங்குனவ. வலது காது மந்தமாயிருக்கும். டேப்பு பொய் சொல்லாதுக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அம்மா வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தக் காதின் சம்பளத்தில்தான் மாமாவின் பட்டறை வந்தது, என் படிப்பு வந்தது. அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

"கடைக்குப் போன் பண்ணு. திருப்பி எடுத்துக்கட்டும். ஒத்தைக் காதுக்கு எதுக்கு ரெண்டு ஸ்பீக்கரு?"

எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இரு."

எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே சுற்றித் திருப்பினாள். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"போடு."

பல்லவி முடிவதற்குள் அவள் வலது கை உயர்ந்து, திரும்பிப் பார்க்காமலே ஜன்னலைச் சுட்டியது.

"காது கெட்டிருந்தா பாட்டும் என்கூடவே திரும்பியிருக்கணும். இவ ஜன்னலை விட்டு அசையவே இல்ல. இப்ப வலது காதுலதான் தூக்கலா கேக்குது. எடுடா உன் டேப்பை."

மாமாவுடைய டேப்பின் முனைக்கொக்கி எப்போதோ உடைந்துவிட்டது. அதனால் அவர் பத்தாவது சென்டிமீட்டர் கோட்டைச் சுவரில் பிடிப்பார். எண்பது வேண்டுமென்றால் தொண்ணூறில் குறி போடுவார். தச்சர்கள் பலரும் செய்வதுதான். ஜன்னல் பக்கத்தை அளந்தார். தொண்ணூறு. கதவுப் பக்கத்தை அளந்தார். எண்பது. உண்மையில் எழுபதுதான்; அந்தப் பெட்டி மட்டும் பத்து சென்டிமீட்டர் பின்னால், நாற்காலியிலிருந்து விலகி நின்றுகொண்டிருந்தது. கிட்டத்தில் இருந்த ஜன்னல் பெட்டி பாட்டைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.

டேப்பைச் சுருட்டினார்.

"பத்தைச் சேர்க்க மறந்துட்டேன்க்கா. நீ டீ வேணுமான்னு கேட்ட பாரு, அப்பத்தான்."

"இப்ப டீ மேல பழியைப் போடு."

பெட்டியை முன்னால் இழுத்தோம். அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. வெறும் சுவரைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்த்ததுபோலத் தலையசைத்தாள். அன்று முழுக்க எங்கள் இருவருக்கும் அந்த நாற்காலி கிடைக்கவில்லை.

மறுநாள் மாமா பட்டறையில் எல்லோரிடமும் சொன்னாராம்: "நான் பண்ண தப்பை எங்கக்கா முதுகைக் காட்டி உக்காந்து கண்டுபிடிச்சா. பத்தே சென்டிமீட்டரு!" தன் தவற்றைச் சொல்லி ஒரு தச்சர் இவ்வளவு மார்தட்டி அங்கே யாரும் பார்த்ததில்லை.

"முதல்ல அந்த டேப்பை மாத்துங்க மாமா" என்றேன் போனில். போனில் கசிந்த அவர் குரலைக் கேட்டு, பின்னாலிருந்து அம்மா, "அவன் நின்னுகிட்டே சாப்பிடுறான், உக்காரச் சொல்லு" என்றாள்.