இளஞ்சூடு

என் வீட்டுக்காரருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, அதனால்தான் கடையை மூடிவிட்டார் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறது. குடித்துக் கெட்டார் என்று இன்னொரு கூட்டம். அவர்கள் நாக்கில் புண் வர! டீயில் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடினாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர், அவராவது குடிப்பதாவது. நடந்தது என்னவென்று முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் என் குற்றமும் இருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கிதார் வாசிக்கிறவர்கள் மத்தியில் அவருக்குக் 'காது' என்றுதான் பெயர். வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "காது இருக்காரா?" என்பார்கள். "ரெண்டு இருக்கு, எது வேணும்?" என்று நான் உள்ளேயிருந்தே கேட்பேன். சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

சின்ன வயதில் ஒரு மேடைக் கச்சேரிக் குழுவில் பின்வரிசையில் உட்கார்ந்து கிதார் வாசித்தவர். பெரிய வாசிப்பெல்லாம் இல்லை. "எனக்கு விரல் நூத்துக்கு முப்பத்தஞ்சு, காது நூத்துக்கு நூறு" என்று அவரே சொல்வார். எந்த அரங்கத்துக்குப் போனாலும், எந்த ஸ்பீக்கர் பெட்டி நன்றாகப் பேசுகிறது, எது கத்துகிறது என்று குழுத் தலைவர் இவரைத்தான் கேட்பாராம். கேட்டுக் கேட்டு அதுவே தொழிலாகிவிட்டது. குழுவை விட்டுவிட்டு, இரண்டு அறையும் ஒரு ஷட்டரும் உள்ள இடம் பிடித்து, முன்னால் பட்டறை, பின்னால் வீடு என்று ஆக்கி, கிதாருக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆரம்பித்தார்.

நான் அப்போது தையல் கடையில் வேலை பார்த்தேன். பெட்டியின் முகத்தில் கட்டுவதற்குத் துணி வாங்க வந்தார். வந்தவர் ஒவ்வொரு துணியாக எடுத்து என்னிடம் நீட்டி, "இதை வாய்க்கு முன்னால பிடிச்சுக்கிட்டு ஏதாவது பேசுங்களேன்" என்றார். நான் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றேன். "இது வேண்டாம், அடுத்தது" என்றார். நாலாவது துணியில் நான் திட்டியது தெளிவாகக் கேட்டதாம். அதில் எட்டு மீட்டர் வாங்கினார். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

பெட்டிக்குத் துணி கட்டுவது, வெளியே உறை ஒட்டுவது, கம்பி பற்றவைப்பது எல்லாம் நான் கற்றுக்கொண்டேன். ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது மட்டும் அவர் வேலை. வெளி ஆட்கள் அது என்ன பெரிய வித்தை என்று நினைப்பார்கள். ஒரே கிதார், ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஆள் வாசித்தாலும் ஸ்பீக்கரை மாற்றினால் குரலே மாறிவிடும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய இசைத்தட்டுகளில் கேட்கிற அந்த டோன்தான் வேண்டும் என்பார்கள். வார்ம் டோன், விண்டேஜ் டோன் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் இளஞ்சூடு. "வெந்நீர் விளாவுற மாதிரிதான். மேல ஊத்தினா உடம்பு சிலிர்க்கவும் கூடாது, பொசுக்கவும் கூடாது" என்பார்.

அதற்குப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், வாட்ஸ் குறைவாக, காகிதக் கூம்பு மெல்லியதாக, காந்தம் பழைய ரகமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே ரகத்தில் ஆறு ஸ்பீக்கர் வந்தாலும் ஆறும் ஆறு மாதிரி பேசும். அவர் கிதாரை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து, பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். நான் ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டி "ஒண்ணு", "ரெண்டு" என்பேன். ஒரே நாலு சுரத்தை வாசித்துவிட்டு, "வை" என்பார், அல்லது "வேண்டாம்" என்பார். வை என்றதன் காந்தத்தில் நான் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். வேண்டாம் என்றதற்குப் பெருக்கல் குறி. எது எந்த ஸ்பீக்கர் என்று திரும்பியே பார்க்கமாட்டார். பத்தொன்பது வருஷம் இப்படித்தான் செய்தோம். அவர் வட்டம் போடச் சொன்ன ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

முதலில் என்ன ஆனது என்று இப்போது யோசித்தால், அந்தச் சட்டைதான் ஞாபகம் வருகிறது. துணி துவைக்க உட்கார்ந்தவள், "அந்தச் சட்டையக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றேன். பட்டறைக்குப் போய் ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பைன் மரக் கட்டை. "எதுக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "வாய்க்குள்ளேயே பேசினா எப்படி?" என்றார். "என் வாயா? அடுத்த தெரு வரைக்கும் கேக்கும், உங்களுக்குக் கவனம் இல்லைன்னு சொல்லுங்க" என்று நான் எகிறினேன். அதற்கப்புறம் மாசத்துக்கு நாலு தடவை இப்படி ஒரு சண்டை வந்தது. நான் என்ன சொன்னாலும் "ம்" என்று தலையாட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். பேச்சையே குறைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நான் சலித்துப்போய்விட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த எரிச்சலில் இன்னும் நாலு வார்த்தை கூடவே திட்டினேன்.

ஓட்டலில் மாலை நேரத்தில் வாசிக்கிற கிதார்காரர் ஒருவர் எங்களுக்குப் பழைய வாடிக்கை. புதுப்பெட்டி ஒன்று வாங்கிப் போனவர் ஒரே வாரத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணே, காதுக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி இருக்கு. சாப்பிட வந்தவங்க மேசைய மாத்திக்கிட்டு உட்கார்றாங்க" என்றார்.

"புது ஸ்பீக்கர். இன்னும் பழகலை" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கள் தொழிலில் இது உண்மையான பேச்சுதான். புதுக் கூம்பு விறைப்பாக இருக்கும். முப்பது நாற்பது மணி நேரம் பாடவிட்டால் தளர்ந்து, அந்தக் கூர்மை போய்விடும். அதைத்தான் பழக்குவது என்போம். அதனால் கிதார்காரர் நம்பினார். நானும் நம்பினேன். என் காதுக்கும் அந்தப் பெட்டி தகரத்தில் ஆணி கீறுவதுபோலத்தான் இருந்தது. இருந்தும், பழகவில்லை, அவ்வளவுதான் என்றே நினைத்தேன். வேறு எந்த வீட்டிலாவது இருந்தால், இந்த மனுஷனுக்குக் காதில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஸ்பீக்கரோடேயே குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ஸ்பீக்கர்மேல்தான் பழி போடத் தோன்றியது.

முன்பெல்லாம் பழக்குவதென்றால் ரேடியோவைச் சின்னச் சத்தத்தில் வைத்து, பெட்டிமேல் ஒரு கம்பளியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். இப்போது பெட்டிக்கு நேர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பழகிவிட்டதா, பழகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாகப் பிடிபடவில்லை என்று சத்தத்தைக் கூட்டினார். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டினார். நான் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு துணி கட்டினேன். பக்கத்து அச்சகத்துக்காரர் சுவரைத் தட்டினார். நாற்பது மணி நேரம் கழித்தும் ஊசி ஊசியாகத்தான் இருந்தது. "இப்போ சரியாயிடுச்சு பாரு" என்றார் என்னிடம், முகமெல்லாம் மலர்ந்து.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர் திருகாணி வாங்க வெளியே போன நேரத்தில், அவர் வேண்டாம் என்று தள்ளிய ஸ்பீக்கர்களை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். "கம்பளிக்குள்ள உக்காந்து பேசுறான்" என்று அவர் கழித்துக்கட்டியதெல்லாம் அப்படியே இளஞ்சூடு. அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே இளஞ்சூடு. கூர்மையான சத்தம் அவர் காதில் ஏறவே இல்லை, அதனால்தான் ஊசியெல்லாம் அவருக்கு இளஞ்சூடாகக் கேட்டிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் திரும்பி வருவதற்குள் பெட்டியில் இருந்த இரண்டையும் கழற்றிவிட்டு, பெருக்கல் குறி போட்ட இரண்டை மாட்டிப் பின்பலகையை மூடிவிட்டேன்.

மறுநாள் ஓட்டல் கிதார்காரர் வந்து வாசித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டு இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதாண்ணே! இதைத்தான் கேட்டேன்!" என்றார். என் வீட்டுக்காரர் பெட்டியை ஒரு மாதிரி பார்த்தார். அவர் காதுக்கு அது மந்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் கட்டிப்பிடித்தவர் விடவில்லையே. "நான்தான் சொன்னேன்ல, பழகிடும்னு" என்றார், என் பக்கம் திரும்பி. நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். பாவி நான், சொல்லவில்லை. 'காது' என்று ஊர் கூப்பிடுகிற ஆளிடம் போய் உங்கள் காது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த பெட்டிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்ததற்கும் மாற்றினேன். எட்டு மாசத்தில் ஏழு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காது கிழிகிற சத்தத்தில் நாற்பது மணி நேரம் பழக்கினார். அவர் எழுந்து போனபிறகு நான் மாற்றினேன். அந்தச் சத்தம் அவரை என்ன செய்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஏழாவது பெட்டியில் ஒரு கம்பி விட்டுப்போய்விட்டது. நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். அவரே பின்பலகையைக் கழற்றியிருக்கிறார். ஒரு ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். காந்தத்தில் என் கையெழுத்து, பெருக்கல் குறி.

"இது எப்படி உள்ள போச்சு?"

"தெரியாம மாறியிருக்கும்."

"ரெண்டுமா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் நிற்காது. கோபம்தான் வரும். "ஆமா, நான்தான் மாத்தினேன்! உங்களுக்குக் காது சரியாக் கேக்கலை!" என்றேன்.

"என்ன சொன்னே?"

"காது கேக்கலைங்க உங்களுக்கு!"

"என்னது? கொஞ்சம் சத்தமா சொல்லேன்."

என்ன கொடுமை இது! கத்தியைக் கீழே போட்டுவிட்டு, தொண்டை கிழிய மூன்றாவது தடவை கத்தினேன். அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் முதல் தடவையே கேட்டிருக்கும். கடைசியாகக் கேட்டது அவருக்குத்தான். ஸ்பீக்கரை அடுப்பு மேடையில் மெதுவாக வைத்தார். கூம்பு அடிபடாமல், காந்தம் கீழே இருக்கும்படி பார்த்து வைத்தார். பிறகு பட்டறைக்குப் போய், விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்துகொண்டார். எத்தனை பெட்டி, எத்தனை மாசம் என்று எதையும் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் மூடியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். அந்தப் பெண் ஒன்றன்பின் ஒன்றாக விசையைத் தட்டுகிறாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவள் தட்டுகிறாள், இவர் காத்துக்கொண்டே இருக்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை.

டாக்டர் முகமூடி போட்டிருந்தார், குரலும் தாழ்ந்த குரல். இவர் என்னைப் பார்த்தார். என் காதில்தான் எல்லாம் விழுந்தது. "இது ரெண்டு வருஷமா மெல்ல மெல்லப் போயிருக்கு. ஆனா இந்தக் கடைசி ஏழெட்டு மாசத்துல ரொம்பச் சேதம். பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல இருந்தாரா? அதை அப்பவே நிறுத்தியிருந்தா மீதி இருந்ததையாவது காப்பாத்தியிருக்கலாம். போனது போனதுதாம்மா" என்றார்.

வெளியே வந்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னாலும் அவர் நம்பித்தான் ஆக வேண்டும். வயசானால் எல்லோருக்கும் வருவதுதானாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடியவில்லை எனக்கு. அவர் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏழு பெட்டியைச் சொன்னேன். முதல் பெட்டியிலேயே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் வாயைத் திறந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்பதையும் சொன்னேன். அடிப்பாரோ, எழுந்து போய்விடுவாரோ என்று இருந்தது.

காதுமடலைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ, காதுதானா?" என்றார்.

"காதுதாங்க."

"நீ மெதுவா பேசலையா?"

"நானா? என்னிக்குங்க நான் மெதுவா பேசியிருக்கேன்?"

தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு வருஷமா உன் குரல் கொறஞ்சுக்கிட்டே போச்சு. எங்கூடப் பேசவே பிடிக்காமத்தான் நீ வாய்க்குள்ள முணுமுணுக்கிறேன்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு கேக்காம இருந்தேன்" என்றார்.

வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"காதுதானே, போகட்டும்" என்று சொல்லி, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க அவரும் அழுதார்.